கையகத்துக் கருவியும் கடலோரப் படமும்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், கெடில ஆற்றின் அருகே, செயின்ட் டேவிட் கோட்டையின் எச்சங்கள் இன்றும் உள்ளன. 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இக்கோட்டையைச் செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டியரிடம் விலைக்கு வாங்கினர். கோட்டையோடு சுற்றியுள்ள ஊர்களும் விற்பனையில் அடங்கும் என்பது ஒப்பந்தம். எந்த ஊர் அடங்கும், எந்த ஊர் அடங்காது என்று அறிவதற்கு அவர்கள் கண்ட வழி விந்தையானது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தொலைவு சென்று விழுமோ, அவ்வளவு தொலைவும் வாங்கியவர்க்கு உரியது என்று முடிவு செய்தனர். சென்னையிலிருந்து பெரிய பீரங்கியொன்று வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அது முழங்கியது. குண்டு விழுந்த எல்லைக்குட்பட்ட ஊர்கள் ‘குண்டு கிராமங்கள்’ என்று பெயர் பெற்றன. மருந்து எவ்வளவு இடுவது, குழாயை எவ்வளவு உயர்த்துவது என்பன சுடுவோன் திறமையைச் சார்ந்தவை. ஆகவே எல்லையும் அவன் திறமையைச் சார்ந்தே அமைந்தது.

அதே தேவனாம்பட்டினக் கரையிலிருந்து இக்காலத்தில் மீன் பிடிக்கச் செல்வோர், உள்ளங்கையில் அடங்கும் சிறு கருவி ஒன்றை உடன்கொண்டு செல்கின்றனர். நடுக்கடலில், நள்ளிரவில், நாற்புறமும் நீரன்றி வேறொன்றும் காணாத இடத்தில், ‘நீ இருக்கும் இடம் இது’ என்று அக்கருவி எண்களால் காட்டுகிறது. அதனை ஜி.பி.எஸ். என்றே சிறுவரும் முதியோரும் வழங்குகின்றனர். பீரங்கிக் குண்டின் பிழை வேலிகளையும் வயல்களையும் இடம் மாற்றியது. இக்கருவியின் பிழையோ, கருவியோடு சேர்த்துப் படிக்கும் படத்தின் பிழையோ, படகையும் வலையையும் சில வேளை உயிரையுமே கொண்டுபோய்விடக் கூடும். ஆதலின் இரண்டும் எவ்வளவு நம்பத்தக்கவை என்று ஆராய்வது இன்றியமையாதது.

வட அமெரிக்கா முதலிய நாடுகளில் காட்டில் வேட்டையாடச் செல்வோர் இத்தகைய கருவியை நாடுகின்றனர். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் காட்டு வேட்டைக்கு இடமில்லை. ஆயினும் பழந்தமிழர் மீன் பிடித்தலையும் ‘வேட்டம்’ என்றே வழங்கினர். அவ்வேட்டம் இன்றும் நடைபெறுகிறது. விலங்கைத் தேடுவோன் கால்பதித்த நிலம் அவனுக்கு அடையாளம் காட்டும். மீனைத் தேடுவோனுக்கோ நேற்று வலை வீசிய இடத்தில் இன்று ஒரு சுவடும் இராது.

முன்னோர் இக்குறையை வேறு வகையில் தீர்த்துக்கொண்டனர். கரையிலுள்ள பனந்தோப்பையும் அதற்குப் பின்னால் தெரியும் கோபுரத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வரச் செய்தால், படகு அக்கோட்டின்மேல் எங்கோ இருக்கிறது என்பது உறுதி. வேறொரு பக்கத்தில் கலங்கரை விளக்கையும் ஒரு மணல்மேட்டையும் அவ்வாறே பொருத்திப் பார்த்தால் மற்றொரு கோடு கிடைக்கும். இரு கோடுகளும் வெட்டும் இடமே படகு நிற்கும் இடம். நீருக்கடியில் உள்ள ‘பார்’ எனப்படும் பாறைத் திட்டுகளை இம்முறையாலேயே தலைமுறை தலைமுறையாக மறவாது வைத்திருந்தனர்.

இக்கரையில் சிதம்பரத்தின் நான்கு கோபுரங்களும் புகழ்பெற்ற அடையாளங்கள். பழங்கால ஐரோப்பிய மாலுமிகளும் அவற்றைக் கடலடையாளமாகக் கொண்டனர். ஏறத்தாழ 40 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தின் உச்சி, பூமியின் வளைவையும் படகில் நிற்பவன் கண்மட்டத்தையும் கணக்கிட்டால், 25 கிலோமீட்டருக்குச் சற்று அப்பாலும் தெரிதல் வேண்டும். சிதம்பரம் கடலிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருப்பதால், கரையை விட்டுப் பதினைந்து கிலோமீட்டர் அளவே அவ்வடையாளம் உதவும். பனி மூடினாலும் மழை திரையிட்டாலும் அதுவும் இல்லை. கோபுரம் மறைந்த இடத்தில்தான் கருவியின் ஆட்சி தொடங்குகிறது.

கருவி செய்யும் வேலை யாது? அமெரிக்க அரசின் பாதுகாப்புத் துறையினர் 1978-ஆம் ஆண்டு முதல் விண்ணில் செலுத்திய துணைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியை நாளொன்றுக்கு இருமுறை சுற்றிவருகின்றன. முறைப்படி இருபத்து நான்கு கோள்கள் இருந்தால் உலகின் எவ்விடத்திலிருந்தும் நான்கேனும் வானில் தோன்றும். ஒவ்வொரு கோளிலும் அணுக் கடிகாரங்கள் உண்டு. ‘இன்ன நேரத்தில் இன்ன இடத்திலிருந்து இச்செய்தியை அனுப்புகிறேன்’ என்று அது இடைவிடாது வானொலி அலைகளால் கூறிக்கொண்டேயிருக்கிறது. அவ்வலை தரையை எட்டுவதற்கு ஒரு நொடியின் பதினைந்தில் ஒரு பங்கு போதும். எவ்வளவு நேரம் பிடித்தது என்று கணித்து, அதனை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் கோள் இருக்கும் தொலைவு தெரியும். மூன்று கோள்களின் தொலைவால் இடம் புலனாகும். கையிலுள்ள மலிவான கடிகாரத்தின் பிழையைத் திருத்துவதற்கு நான்காவது கோள் வேண்டும்.

இம்முறையில் எல்லாம் கடிகாரத்தையே நம்பி நிற்கிறது. ஒரு நொடியைப் பத்து இலட்சம் கூறாக்கி, அதில் ஒரு கூறு தவறினால் தொலைவில் 300 மீட்டர் தவறிவிடும். விண்ணில் விரைந்து செல்லும் கடிகாரம் தரையிலுள்ள கடிகாரத்தைப் போன்று ஓடுவதில்லை என்பது ஐன்ஸ்டைன் கண்ட உண்மை. அந்த வேறுபாட்டைத் திருத்தாது விட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டர் அளவுக்குப் பிழை வளர்ந்துவிடும். இந்தியா தனக்கென அமைத்துக்கொண்ட நாவிக் என்னும் துணைக்கோள் தொகுதியில், 2016-ஆம் ஆண்டில் முதற்கோளின் அணுக் கடிகாரங்கள் பழுதுற்றன. கோள் வானில் இருந்தும் இடம் காட்டும் தொழிலுக்கு அது உதவாது போயிற்று.

தொடக்கத்தில் இத்தொகுதி படைத் துறைக்கே உரியதாயிருந்தது. 1983-ஆம் ஆண்டில் வழிதவறிச் சென்ற கொரிய நாட்டுப் பயணிகள் விமானம் ஒன்றைச் சோவியத் படையினர் சுட்டு வீழ்த்தினர். அதன்பின் பொதுமக்களும் இதனைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன் அறிவித்தார். எனினும் பொதுமக்களுக்குக் கிடைத்த அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்தனர். அதனால் நூறு மீட்டர் வரை இடம் தவறியது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அக்கலப்பை நிறுத்தினர். அன்று முதல், திறந்த வானின்கீழ் கைக்கருவியின் பிழை பத்து மீட்டருக்குள் அடங்கலாயிற்று. நல்ல கருவியில் இன்று ஏறத்தாழ ஐந்து மீட்டர் எனலாம். கடலைப் போலத் திறந்த வானமுள்ள இடம் வேறில்லை யாதலால், படகோட்டிக்கு இவ்வகையில் நற்பேறே.

‘பிழை 5 மீட்டர்’ என்று கருவியின் முகத்தில் தோன்றும் எண்ணை உறுதிமொழியாகக் கொள்ளலாகாது. கருவி தான் கணித்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைகிறது. பல அளவீடுகளுள் பெரும்பாலானவை அதற்குள் விழும் என்பதே பொருள். எஞ்சியவை வெளியே விழும். எத்தனை விழும் என்பதும் கருவி செய்வோர் கொண்ட முறைக்கேற்ப வேறுபடும். நங்கூரமிட்டு அசையாது நிற்கும் படகிலும் கடைசி இலக்கம் ஓயாது மாறிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

தமிழகத்துக்கே சிறப்பாக உரிய ஓர் இடையூறும் உண்டு. தரைக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல், கதிரவன் ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு இருக்கிறது. துணைக்கோளின் அலை அதனூடே வரும்போது தாமதமுறுகிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே செல்வதால் இங்கு அவ்வடுக்கு மிகவும் அமைதியற்றது. கதிரவனில் கரும்புள்ளிகள் மிகும் ஆண்டுகளில், பொழுது சாய்ந்தது முதல் நள்ளிரவு வரை, விண்மீன் மின்னுவது போல அலையும் மின்னி வலுவிழக்கும். கருவி ஒன்றிரண்டு கோள்களை இழந்து தடுமாறும். வலையை இறக்கும் மாலை நேரமும் இதுவே என்பது மீனவரின் கெடுபேறு. இத்தாமதத்தை ஓரளவு திருத்துவதற்காக இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் ‘ககன்’ என்னும் அமைப்பை நிறுவியுள்ளன. நாட்டின் பல இடங்களில் உள்ள நிலையங்கள் பிழையை அளந்து அறிய, அத்திருத்தம் இந்தியத் துணைக்கோள் வழியாகக் கருவிகளுக்கு வந்து சேருகிறது.

கடலை விட்டுப் பிச்சாவரத்துக் கால்வாய்களில் நுழைந்தால் நிலைமை மாறிவிடுகிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, சிதம்பரத்துக்குக் கிழக்கே பரந்துள்ளது இவ்வலையாத்திக் காடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பழம்பெயரைத் தந்த தில்லைமரம் இக்காட்டில் வளர்வதே. சுரபுன்னையின் வேர்கள் இருபுறமும் வளைந்து இறங்க, மேலே கிளைகள் கூரைபோல் மூட, நடுவே ஒரு தோணி செல்லும் அளவுக்கே நீர்வழி அமைந்த இடங்கள் பல. நீர் நிறைந்த இலைகள் மெல்லிய வானொலி அலையை உறிஞ்சுகின்றன. தெரியும் வானம் ஒரு கீற்றாகச் சுருங்குவதால், கோள்கள் எல்லாம் ஒரே வரிசையில் தோன்றுகின்றன. அகன்ற வானில் நாற்புறமும் பரவிய கோள்களால் கணித்த இடத்துக்கும், ஒரு கீற்றில் நின்ற கோள்களால் கணித்த இடத்துக்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. சிதம்பரம் கோயிலின் உயர்ந்த மதிலோரத்தில் நிற்பவனுக்கும் இத்தகைய இடர் நேரும்: நேரே வரும் அலை தடைப்பட்டு, கல்லில் மோதித் திரும்பிய அலை அவன் கருவியை அடையும். சுற்றிவந்த அலை நெடுந்தொலைவு வந்தது போலத் தோன்றுவதால், கருவி அவனை அடுத்த தெருவில் நிறுத்திவிடும்.

பிச்சாவரத்துக் கால்வாய்களில் இறங்கி, கையால் துழாவி இறாலும் மீனும் பிடிக்கும் இருளர் குடியினர் இக்கருவியை நாடுவதில்லை. எந்த வளைவில் சேறு ஆழம், எந்த நீர்வழி வற்றும் என்பன அவர்களுக்குக் காலடியிலேயே தெரியும்.

இதுகாறும் கூறியவை கருவியின் பிழைகள். அவை பெரும்பாலும் ஐந்து மீட்டர், பத்து மீட்டர் என்னும் அளவினவே. படகையும் உயிரையும் கொள்ளும் பெரும்பிழைகள் பிற இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன: எண்ணைப் படிக்கும் மனிதனிடமிருந்தும், எண்ணோடு ஒப்பிடும் படத்திலிருந்தும்.

எண்ணைப் படிப்பதில் நேரும் பிழைக்கு இக்கரையே சிறந்த எடுத்துக்காட்டு. பூமியின்மேல் இடத்தைப் பாகை, கலை, விகலை என்று அளப்பது பழைய முறை. ஒரு பாகைக்கு அறுபது கலை. வடக்கு தெற்காக ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அஃதாவது ஏறத்தாழ 1,852 மீட்டர். கடலூர் ஏறத்தாழ வடக்கு 11 பாகை 45 கலையில் உள்ளது. ஆனால் கருவியைப் பாகையும் தசமப் பின்னமுமாகவும் காட்டச் செய்யலாம். அவ்வாறு செய்தால் கடலூர் 11.75 என்று தோன்றும். 45 கலை என்பது முக்கால் பாகை அன்றோ? இப்போது ஒருவர் கம்பியில்லாக் கருவியில், ‘பதினொன்று, நாற்பத்தைந்து’ என்று மட்டும் கூறுகிறார் எனக் கொள்வோம். கேட்பவரின் கருவி தசம முறையில் இருந்து, அவர் 11.45 என்று பதிந்துகொண்டால், அது 11 பாகை 27 கலை ஆகிவிடும். அவ்விடம் கடலூர் அன்று; கிள்ளைக்கும் பிச்சாவரத்துக்கும் எதிரேயுள்ள கடல். இடைவெளி 18 கடல் மைல், ஏறத்தாழ 33 கிலோமீட்டர். இரு கருவிகளும் ஐந்து மீட்டர் துல்லியத்தோடு வேலை செய்துகொண்டிருக்க, பழுதுற்ற படகு ஒருபுறமும் அதைத் தேடிச் செல்லும் படகு மறுபுறமும் இருக்கும். எந்த முறையில் காட்டுகிறது என்று இருவரும் முதலில் கேட்டுக்கொண்டால் இவ்விடர் இல்லை. அச்சிறு கேள்வியைக் கேளாது விடுவோர் பலர்.

இனி, படத்தின் பிழை. இங்குச் சிறிது பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து, அதிலிருந்து முக்கோணங்களாகத் தென்னாட்டை அளக்கத் தொடங்கினார். முக்கோணம் அமைப்பதற்கு உயர்ந்த இடங்கள் வேண்டும். காவிரிக் கழிமுகத்திலோ குன்றுகள் இல்லை. கோயிற் கோபுரங்களே குன்றுகளாக உதவின. 1808-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெருங்கோயிலின் உச்சிக்கு அரை டன் எடையுள்ள கோணமானியைக் கயிற்றால் ஏற்றியபோது, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. வேறொருவராயின் வேலையைக் கைவிட்டிருப்பர். லாம்டனோ கூடாரத்துக்குள் புகுந்து, பல வாரம் முயன்று, நசுங்கிய வளையத்தை இம்மியளவாக இழுத்து நேராக்கினார். அவருக்குப் பின் வந்த எவரெஸ்டு, இவ்வளவைகளைக் கொண்டு பூமியின் உருவத்தைக் கணித்தார். 1830-ஆம் ஆண்டின் பெயரால் வழங்கும் அவ்வுருவமே இந்திய நில அளவைத் துறையின் படங்களுக்கு நெடுங்காலம் அடிப்படையாயிற்று.

அவ்வுருவம் இந்தியாவுக்கு நன்கு பொருந்துவது. துணைக்கோள்களோ பூமி முழுவதற்கும் பொருந்தும் வேறோர் உருவத்தைக் கொண்டு கணிக்கின்றன. ஆகவே பழைய படத்திலிருந்து எடுத்த எண்ணைத் திருத்தமின்றிக் கருவியில் இட்டால், தமிழகக் கரையில் நூறு மீட்டருக்கும் மேலாக இடம் விலகிவிடும். படமும் பொய்யன்று, கருவியும் பொய்யன்று. இரண்டும் வெவ்வேறு அடிப்படையில் பேசுகின்றன. 2005-ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கென வெளியிடும் படங்கள் துணைக்கோளின் அடிப்படையிலேயே அமைகின்றன. எனினும் பழைய தாள்கள் இன்னும் பலர் கைகளில் உள்ளன. படத்தின் ஓரத்தில் அடிப்படை யாதென்று அச்சிட்டிருக்கும். கருவியிலும் அதனை மாற்றிக்கொள்ள இடமுண்டு.

அளவு திட்டத்தையும் மறத்தலாகாது. சிதம்பரம் 58 எம்/11 என்னும் எண்ணுள்ள தாளிலும், பிச்சாவரம் அதற்குக் கிழக்கேயுள்ள 58 எம்/15 என்னும் தாளிலும் அடங்கும். இத்தாள்களின் அளவு திட்டம் 50,000-க்கு 1 என்பது. அத்திட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் நிலத்தில் 50 மீட்டர் ஆகும். அரை மில்லிமீட்டர்ப் பருமனுள்ள பென்சிற்கோடு 25 மீட்டர் அகலச் சாலைக்குச் சமம். அத்தகைய படத்தைக் கைப்பேசித் திரையில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் கோடு பெரிதாகுமே யன்றி, அதன் உண்மை பெரிதாகாது.

இவையெல்லாம் கணக்கால் திருத்தத்தக்கவை. கணக்குக்கு அடங்காத பிழை ஒன்று உண்டு. அது கரையே நகர்வது. சோழமண்டலக் கரையில் தெற்கிலிருந்து காற்று வீசும் மாதங்களில் அலைகள் மணலை வடக்கே தள்ளிச் செல்கின்றன. வாடைக்காலத்தில் தெற்கே தள்ளுகின்றன. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி. கோடையில் ஆற்றில் நீர் குறையும்போது இம்மணல் முகத்துவாரத்தின் குறுக்கே திட்டாகப் படிந்து வாயை நெருக்குகிறது. ஐப்பசி கார்த்திகை வெள்ளம் அதனை உடைத்துக்கொண்டு, பழைய இடத்திலோ சற்று அப்பாலோ புது வழி திறக்கிறது. பரங்கிப்பேட்டைக்கு அருகே வெள்ளாறும், பிச்சாவரத்து நீர் கடலைச் சேரும் சின்னவாய்க்காலும், தெற்கே கொள்ளிடமும் இவ்வியல்பினவே.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை ஒரு காலைப் பொழுதில் இக்கரையின் உருவை மாற்றியது. கிள்ளையை அடுத்து, நீர் சூழ்ந்த மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்னும் மீனவர் குடியிருப்பு பேரழிவுக்குள்ளாயிற்று. பிழைத்தவர்கள் வேறிடம் சென்று குடியேறினர். அதற்குமுன் அச்சிட்ட படத்தில் வீடுகள் வரிசையாக இருக்கும். படம் பொய் கூறவில்லை. அது தான் பிறந்த நாளின் செய்தியைக் கூறுகிறது. அந்நாளை அறிவதற்காகவே, எந்த ஆண்டில் அளந்தது, எந்த ஆண்டில் திருத்தியது என்று தாளின் அடியில் குறித்திருக்கிறார்கள். அதனைப் படிப்போர் மிகச் சிலர்.

படத்தை நம்பிக் கெட்ட கதைகளும் கருவியை நம்பிக் கெட்ட கதைகளும் பிற நாடுகளில் பதிவாகியுள்ளன. 1995-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘ராயல் மெஜஸ்டி’ என்னும் பெரும் பயணக் கப்பல், பெர்முடாத் தீவிலிருந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்றது. புறப்பட்ட சிறிது நேரத்தில் ஜி.பி.எஸ். கருவியின் அலைவாங்கிக் கம்பி கழன்றுவிட்டது. கருவி நின்றுவிடவில்லை, வேகத்தையும் திசையையும் கொண்டு உத்தேசமாக இடத்தைக் கணித்துக் காட்டிக்கொண்டேயிருந்தது. ஒரு நாளுக்கு மேல் எவரும் அதனைக் கவனிக்கவில்லை. பாதையிலிருந்து பதினேழு மைல் விலகிய கப்பல், நாண்டக்கெட் தீவுக்கு அப்பாலுள்ள மணல்திட்டில் ஏறி நின்றது. 2013-ஆம் ஆண்டு ஜனவரியில் நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. அமெரிக்கக் கடற்படையின் ‘கார்டியன்’ என்னும் கப்பல் பிலிப்பைன்ஸ் நாட்டுத் துப்பத்தாகா பவளத்திட்டில் மோதியது. கருவி சரியாகவே இடம் காட்டியது. மின்னணுப் படத்தில்தான் அத்திட்டு ஏறத்தாழ எட்டுக் கடல் மைல் தள்ளி வரையப்பட்டிருந்தது. வேறொரு படத்தில் திட்டு உரிய இடத்தில் இருந்தும், இரண்டையும் ஒப்பிட்டு ஐயுற்றவர் இல்லை. கப்பலை மீட்க இயலாமல், அங்கேயே துண்டு துண்டாக அறுத்து எடுத்தனர்.

கடலூர்க் கரையில் எல்லைகளும் இக்கருவியைச் சார்ந்தே நிற்கின்றன. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கரையை ஒட்டிய கடற்பரப்பு நாட்டுப்படகினருக்கு உரியது; விசைப்படகுகள் அங்கு மீன் பிடித்தலாகாது. சுருக்குமடி வலை பற்றிய வழக்கு கடலூர் மாவட்டத்து மீனவ ஊர்களில் நீண்ட பூசலை உண்டாக்கியது. 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்சநீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணை, பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால், வாரம் இருநாள், பகற்பொழுதில் மட்டும் அவ்வலையை வீச இசைந்தது. படகின் இருப்பிடத்தைக் காட்டும் கருவியும் இயங்கிக்கொண்டிருத்தல் வேண்டும் என்றது. பன்னிரண்டு கடல் மைல் என்பது 22 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. அவ்விடத்தில் நீரில் கோடில்லை. ‘நீ எல்லைக்கு உள்ளே இருந்தாய்’, ‘இல்லை, வெளியே இருந்தேன்’ என்னும் வழக்கில், சான்று கூறுவது கருவி ஒன்றே. பிழை ஐந்து மீட்டராயினும் பத்து மீட்டராயினும் இவ்வழக்கில் பெரிதன்று. பொறியை நிறுத்தி வலையை இழுக்கும் படகை நீரோட்டம் ஒரு மணி நேரத்தில் கிலோமீட்டர்க் கணக்கில் தள்ளிவிடக் கூடும் என்பதே பெரிது. தெற்கே கோடியக்கரையைக் கடந்து செல்வோர்க்கு, 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் வகுத்த இந்திய இலங்கை எல்லைக்கோட்டிலும் இவ்வாறே நேர்கிறது. அங்குத் தவறுவோர் சிறைப்படுகின்றனர், படகையும் இழக்கின்றனர்.

இவற்றை யெல்லாம் ஏட்டில் படியாமலே பட்டறிந்த முதிய மீனவர் கருவியைத் தள்ளுவதில்லை, தனியே நம்புவதுமில்லை. பார் இருக்கும் இடத்துக்கு அதுவே அவரை அழைத்துச் செல்கிறது. சென்றபின் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, எத்தனை பாகம் ஆழம் என்று பார்க்கிறார். குண்டின் அடியில் ஒட்டிவருவது மணலா, சேறா என்று விரலால் தேய்த்துப் பார்க்கிறார். கருவி காட்டும் எண்ணும் கயிறு காட்டும் ஆழமும் ஒத்தால் வலையை இறக்குவார். ஒவ்வாவிடில் சற்றே சுற்றி மீண்டும் அளப்பார். நின்ற படகு எத்திசை நோக்கி நிற்கிறது என்று பல கைக்கருவிகள் கூறமாட்டா. ஓடினால்தான் அவை திசையைக் கூறும். ஆதலால் பழைய காந்தத் திசைகாட்டியையும் அவர் கரையில் விட்டுவருவதில்லை.

திரும்பும்போது அவர் நடந்துகொள்ளும் முறை இன்னும் நோக்கத்தக்கது. மாசியில் முகத்துவாரத்தின் நடுவே பதிந்துவைத்த புள்ளி கருவியில் இருக்கிறது. கார்த்திகை இருளில் அப்புள்ளியை நோக்கியே படகைச் செலுத்துகிறார். அலை உடையும் ஓசை கேட்டவுடன் பொறியின் வேகத்தைத் தணிக்கிறார். இன்னும் இருநூறு மீட்டர் என்று கருவி கூறுகிறது. அவர் கருவியைப் பார்ப்பதை விட்டு, எழுந்து நின்று, நுரை வெண்மையாகத் தெரியும் இடத்தையும் தெரியாத இடத்தையும் உற்று நோக்குகிறார். நுரை இல்லாத இடமே ஆழமான வழி. அது புள்ளிக்கு வடக்கே தள்ளியிருக்கிறது. இருட்டில் உறுதிப்படவில்லையாயின் நங்கூரத்தை இறக்கிவிட்டு, கிழக்கு வெளுக்கும்வரை அங்கேயே காத்திருக்கிறார்.